இல்லை என்று சொல்லாதவர்

சில பேர் மேல் வரும் கோபம் ஒரு சண்டை போட்டால் ஆறிவிடும். நாலு வார்த்தை கேட்டு, நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் மனசு லேசாகிவிடும். எங்கள் வார்டு லாட்ஜ் மானேஜர் மேல் எனக்குள்ள கோபம் அப்படி ஆறக்கூடியது இல்லை. அந்த மனுஷரோடு சண்டை போடவே முடியாது. சண்டைக்கு ஒரு ‘இல்லை’ வேண்டும், ஒரு ‘முடியாது’ வேண்டும். இரண்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதே கிடையாது.

ஊரே அவரை மானேஜர் என்றுதான் கூப்பிட்டது. வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பாக்கெட்டில் இரண்டு பேனா. யார் வந்தாலும் எழுந்து நிற்பார். பேச்சை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு உள்ளங்கையையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டி, “உக்காருங்க, உக்காருங்க, ஒரு பத்து நிமிஷம்” என்பார். நம்மை உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார். நிற்கிறவரிடம் உட்கார்ந்தவர் என்ன சத்தம் போட முடியும்? கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் அவருடைய முதல். அதை வைத்தே அவர் பிழைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ், அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ் என்று ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்த நேரத்தில் லாட்ஜுக்கு மேல் மாடி கட்டினார்கள். தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் என்னிடம்தான் தைக்கக் கொடுத்தார்கள். அளவெடுக்கவும் தைத்ததைக் கொடுக்கவும் போய்ப் போய் அந்த வரவேற்பு அறையில் நடப்பதை நான் ரொம்பவே பார்த்திருக்கிறேன்.

பௌர்ணமி அன்றைக்குப் பார்க்க வேண்டும் அவரை. கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி அங்கே வந்து ரூம் கேட்கும். ஒரு தடவை ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட வயசான அம்மா, கையில் மஞ்சள் துணிப்பை. செஞ்சிப் பக்கம் ஏதோ கிராமம்.

“ரூம் கெடைக்குங்களா?”

மானேஜர் எழுந்து நின்றார். “வாங்க வாங்க. எந்த ஊருங்க? அம்மாவுக்கு முட்டி வலியா? அடடா, உக்காருங்கம்மா முதல்ல. ஒரு பத்து நிமிஷம். ஒரு ரூம் காலியாவுற மாதிரி இருக்குது.”

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கே தொடங்கி எந்தப் பக்கமாக நடந்தால் கூட்டம் கம்மி என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நான் மாடியில் திரைக்கெல்லாம் அளவெடுத்து இறங்கி வந்தேன். அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் மேஜைக்கு வருவதற்குள் சாவி மேஜைக்குக் கீழிருந்து கைமாறிவிட்டது. துணிப்பைக்காரர்கள் அதைப் பார்க்கவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அந்தக் கிராமத்துக்காரர் எழுந்தார். “வரோங்க. உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் குடுத்துட்டோம்.”

கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார்கள்!

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சார், ரூம் இருந்துதே. இல்லைன்னாவது சொல்லியிருந்தா வேற எடம் தேடியிருப்பாங்க இல்ல?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நடிப்பு இல்லை, நிஜமான ஆச்சரியம். “அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லலாமாம்மா? மலையைச் சுத்த வந்தவங்களாச்சே” என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய சம்சாரம் என்னிடம் ஜாக்கெட் தைக்க வருவார். நல்ல பெண்மணி, வாய் கொஞ்சம் காரம். “கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து திருப்பதிக்குக் கூட்டிக்கினு போங்கன்னு கேக்கறேன். ஒரு நாளு போக வேணாம்னு சொன்னதில்லையே, மகராசன்! சரிம்மா, சரிம்மா, இந்தத் தீபம் முடியட்டும். தீபம் முடிஞ்சா பொங்கல் முடியட்டும். பொங்கல் முடிஞ்சா பங்குனி உத்தரம் முடியட்டும். எம் பொண்ணு பெத்த புள்ளைக்கு மொட்டையே போட்டாச்சு, நான் இன்னும் திருப்பதி போவல” என்று ஊசியில் நூல் கோக்கிற என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒரு பக்கமாகப் பேசுகிறாள் என்பீர்கள். என் சின்னவனுக்கு ஒரு விடிகாலையில் ஜுரம் தலைக்கேறி வலிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், அன்றைக்கு வெளியூர் டூட்டி. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். லாட்ஜ் வாசலில் நின்ற மானேஜர் ஒரு கேள்வி கேட்கவில்லை, லாட்ஜில் தங்க வந்திருந்த யாரோ ஒருவரின் காரை அவரே பேசி எடுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். ஆகவே அந்த ஆளுக்கு மனசு இல்லை என்று நான் சொல்ல முடியாது. அதுவும் என் கோபத்துக்கு ஒரு கேடு. முழுசாகக் கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். லாட்ஜுக்குப் பின்னால் எங்கள் தெருக்கள். எங்கள் குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் விடுவார்கள். முறை நாளாக இருந்தாலும் பௌர்ணமி வந்துவிட்டால் வராது. குழாயில் காது வைத்துக் கேட்டால் உஸ் என்று காற்றுச் சத்தம். அதே நேரத்தில் லாட்ஜ் தொட்டி நிரம்பி வழிந்து சாக்கடையில் ஓடும். ஊருக்கெல்லாம் பௌர்ணமி, எங்களுக்கு வெறுங்குடம். வால்வு திருப்புகிற ஆள் இரண்டு வேளையும் லாட்ஜில்தான் டிபன் சாப்பிடுவான் என்பதும் தெருவுக்கே தெரியும். தெரிந்து என்ன? யார் கேட்பது?

ரொம்ப வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் தொண்ணூற்றாறில் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் சுயேச்சையாக நிற்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயிக்க வேண்டும் என்ற நப்பாசை எனக்குக் கொஞ்சம்தான் இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு பேருக்கு முன்னால், மைக்கில், ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பௌர்ணமி அன்றைக்கு எங்கள் தெருத் தண்ணீர் யார் தொட்டிக்குப் போகிறது? ஒரு தடவை அதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கவுன்சிலர் வந்தாலும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அதற்கு இடமும் தானாக வந்தது. எங்கள் பகுதியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. அதற்குச் செயலாளர், வேறு யார், நம் மானேஜர்தான். நிற்கிற எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஜனங்கள் முன்னால் பேச வைக்கலாம், லாட்ஜ் மாடி ஹாலை நானே ஏற்பாடு செய்கிறேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். கட்சிக்காரர்களே அதற்கு ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் வீதியில் மைக் கட்டினால் ஆகிற செலவு மிச்சம். அங்கே நன்றாகப் பேசியவருக்குத்தான் எங்கள் ஓட்டு என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். ஒரு டஜன் பெண்களுக்கு மேல் மனு போட்டிருந்தார்கள். ஹால் மேடையோ வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் கட்டியது. ஏழு நாற்காலி போட்டால் எட்டாவது கீழே விழும். யார் அந்த ஏழு பேர்?

சங்கக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கட்சிச் சின்னம் உள்ளவர்கள் மட்டும் என்றார் ஒருவர். பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். “சொந்த வீடு இருக்கறவங்களா பாருங்கப்பா, வாடகைக்கு இருக்கறவங்க நாளைக்குக் காலி பண்ணிக்கினு போயிடுவாங்க” என்று ஒரு பெரிய மனுஷர். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தேவிட்டேன். நான் வாடகை வீட்டில் இருக்கிறவள்.

மானேஜர் உள்ளங்கையை அமுக்கிக் காட்டினார். “உக்காருங்கம்மா. யாரையும் வேணாம்னு ஒதுக்கறதுக்கு நாம யாரு? எல்லாருக்கும் ஒரே ரூல் வெச்சுடுவோம். நம்ம வார்டுல ஒம்போது தெரு. தெருவுக்கு ஒரு ஆளு, இவங்க பேசணும்னு சொல்றதுக்கு யாரு கூட்டிக்கினு வராங்களோ அவங்களுக்கு மேடை. ஏழைக்கும் அதேதான், பணக்காரருக்கும் அதேதான். இன்னா சொல்றீங்க?”

என்ன சொல்வது? நியாயமாகத்தானே இருந்தது. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்காத தெருவே அந்த வார்டில் கிடையாது. ஒன்பது தெரு என்ன, தொண்ணூறு தெரு என்றாலும் ஆள் கூட்டி வருவேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நான் கையைக் காட்டினவங்களை எல்லாம் ஏத்திக்கினு போறவன். நீ யாரை இறக்கி வுடலாம்னு பாக்கறவன்கிட்டப் போயி நிக்கற. ஜாக்கிரதை.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாட்ஜ் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார் மானேஜர். அன்றைக்குத் தண்ணீர் முறை இல்லை, அதனால் பெண்கள் நிம்மதியாக வந்தார்கள். தெருவுக்கு ஒருத்தி கேட்டேன், இரண்டு பேர் வந்தார்கள். சிலர் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்காகச் சொல்லப் போகிறோம் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. மற்ற பெண்களுக்காக அவரவர் புருஷன்மார் ஆம்பளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களுக்கு மானேஜர் வாசலிலேயே நின்றபடி கணக்குப் பார்த்து முடித்துவிட்டார்.

எங்களிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அடேங்கப்பா, இவ்ளோ பேரா! உக்காருங்கம்மா எல்லாரும், வெயில்ல நிக்கறீங்களே. உள்ள ஃபேன் போடறேன். ஒரு பத்து நிமிஷம், சங்கத் தலைவர் வந்துடட்டும், வந்ததும் பார்த்துடலாம்.”

உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஆளுக்கொரு டம்ளர், நல்ல காப்பி. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். லாட்ஜ் உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பது அவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் தடவை. தலைவர் வரவில்லை. பத்து நிமிஷம் எத்தனையோ தடவை ஆயிற்று. நான் எழுந்து எழுந்து போய்க் கேட்டேன், அவர் என்னை உட்கார வைத்து உட்கார வைத்து அனுப்பினார்.

அப்போது வெளியே தெருவிலிருந்து ஒரு கத்தல். “ஏய், தண்ணி வந்துடுச்சு! குழாயில தண்ணி!”

“இன்னிக்கு முறை இல்லியே?” என்றாள் ஒருத்தி. சொல்லும்போதே எழுந்துவிட்டாள். டம்ளரை வைத்த சத்தம்தான் கேட்டது. எங்கள் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் என்ற குரல் காதில் விழுந்தால் கால் தானாக ஓடும். அடுத்து எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நான் குறுக்கே நின்றேன். “அஞ்சே நிமிஷம்டி, இருங்கடி.” “அக்கா, வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லக்கா. குடத்தை வெச்சுட்டு ஓடியாந்துடறேன்.” நான் யாரைப் பிடித்து வைப்பேன்? எந்த வாயால் பிடித்து வைப்பேன்? தண்ணீருக்காகத்தானே நிற்கிறேன் நான்.

அவர்கள் போனதும் தலைவர் வந்தார். என் பக்கத்தில் இரண்டு தெருப் பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

“அடடா” என்றார் மானேஜர். நிஜமாகவே வருத்தப்பட்டார். “நான் இன்னாம்மா பண்றது? ரூல்னு ஒண்ணு வெச்சுட்டோம். உங்களுக்காக மாத்தினா மத்தவங்க கேக்க மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க.”

நானே சொல்ல வேண்டுமாம்! வால்வு திருப்புகிற ஆளை மறுநாள் வழியில் மறித்துக் கேட்டேன். அவன் மறைக்கக்கூட இல்லை. “மானேஜர்தாம்மா சொன்னாரு. பாவம், பொம்பளைங்க மீட்டிங்குனு வந்திருக்காங்க, முறை இல்லைன்னாலும் இன்னிக்கு அவங்க தெருவுக்குக் கொஞ்சம் வுடுய்யா, சந்தோஷப்படுவாங்கன்னாரு.”

தண்ணீர் கேட்கப் போனவளைத் தண்ணீரை விட்டே துரத்திய மூளை எந்த ஊர் மூளை! இதை எங்கே போய்ச் சொல்வது? ‘எங்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்’ என்று புகார் கொடுக்கவா?

மேடை நாள் வந்தது. நான் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், கால் கேட்கவில்லை. ஏழு நாற்காலியில் ஏழு பெண்கள், பட்டுப் புடவையில். மானேஜர் மைக்கைப் பிடித்து, “பேசறதுக்குக் கூச்சப்படற சகோதரிகளுக்காக அவங்க வீட்டுக்காரர் பேசலாம், இது நம்ம குடும்ப நிகழ்ச்சி மாதிரி” என்றார். அவ்வளவுதான். ஒரு பெண்ணைத் தவிர மற்ற எல்லாருக்கும் புருஷன்தான் பேசினான். பெண்டாட்டி நாற்காலியில், அவன் பின்னால் நின்று மைக்கில். அந்த ஒரு பெண்ணும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் வார்டு! பேசத் தெரிந்தவள் கீழே கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் எழுந்து, “ஒரு கேள்வி கேக்கணும்” என்று கத்தினேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

“தாராளமா கேளுங்கம்மா! கேள்வி நேரம்னு தனியாவே வெச்சிருக்கோம்” என்றார் மானேஜர் மேடையிலிருந்து. “கேசரி, போண்டா சூடா வந்திருக்குது. ஆறிப்போனா நல்லா இருக்காது. எல்லாரும் கீழ போயி டிபன் சாப்பிட்டுட்டு வந்துடுங்க, வந்ததும் அம்மா கேள்விதான் முதல் கேள்வி.”

டிபன் சாப்பிட்டுவிட்டு மாடி ஏறித் திரும்பி வந்த ஜாதி உலகத்தில் உண்டா? நான் ஒருத்திதான் வந்தேன். மைக்செட்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தேர்தலில் ஜெயித்த பெண்ணை ஐந்து வருஷத்தில் நான் வீதியில் பார்த்தது அபூர்வம். அவள் புருஷனைத்தான் எல்லாரும் கவுன்சிலர் என்று கூப்பிட்டார்கள். மானேஜர் என்னிடம் மாறவே இல்லை. அடுத்த வாரமே தலையணை உறைக்கு ஆள் அனுப்பினார். “அரசியல் வேற, நம்ம பழக்கம் வேற இல்லீங்களாம்மா?” என்றார். முகத்தில் துளி விகாரம் கிடையாது. நான் தைத்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொரு உறையிலும் ஊசியை அவர் மேல் குத்துகிற மாதிரிக் குத்தித் தைத்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. வார்டு இந்தத் தடவையும் பெண்களுக்குத்தான். நான் மறுபடி மனு போட்டேன். போட்ட அன்றைக்கே மானேஜர் வீடு தேடி வந்துவிட்டார். என் வீட்டில் நான் அவரை உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

“போன தடவை நின்னு ஓட்டு வாங்கினவங்களுக்குத்தான் இந்தத் தடவை மேடைன்னு ரூல் வெச்சிருக்கோம். முதல் நாற்காலி உங்களுக்குத்தாம்மா. நீங்கதான் முதல்ல பேசணும். வீட்டுக்காரரு எல்லாம் வேணாம், நீங்களே பேசுங்க.”

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மனுஷர் திருந்திவிட்டாரா? வயசாகிவிட்டதா? ஐந்து வருஷமாக நெஞ்சில் ஊறிய கேள்வி. வாணலியில் எண்ணெய் காய்ந்தால்கூட எனக்குள் அந்தக் கேள்விதான் ஓடும். இந்த முறை கேட்டே விடுவேன் என்று கிளம்பினேன்.

லாட்ஜ் கீழே வரவேற்பு அறை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கும் பின்னால் இருக்கிற கடைசித் தெருக்காரி. மடியில் கைக்குழந்தை. சின்ன வயசு, இருபத்தைந்துக்குள்தான் இருக்கும்.

“இங்க இன்னாம்மா பண்ற?”

“நானும் நிக்கறேங்கா. எங்க தெருவுல கைப்பம்பு அடிச்சா வெறும் காத்துதான் வருது. அதைச் சொல்லணும். மானேஜர் சார் உக்காரச் சொன்னாரு, கூப்பிடறேன்னாரு.”

“வா என்கூட, மேல போலாம்.”

“இல்லக்கா. அவரு கூப்பிடட்டும். கூப்பிடாம போனா மரியாதை இல்ல.”

நான் மாடி ஏறிய வேகத்தில் அவரிடம்தான் போய் நின்றேன். “கீழ ஒரு பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருக்குது. அதை ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?”

“ஆமாம்மா, நான்தான் வரச் சொன்னேன். புதுசா நிக்கறவங்க, ரூல்படி பார்த்தா எடம் இல்ல. ஆனா வந்தவங்களைத் திருப்பி அனுப்ப மனசு வரலை. உங்க பேச்சு முடியட்டும், பத்து நிமிஷத்துல மேல கூப்பிட்டுடறேன்.” அதற்குள் மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். பௌர்ணமியைச் சொன்னேன், வெறுங்குடத்தைச் சொன்னேன், வழிந்து சாக்கடையில் ஓடிய தொட்டியைச் சொன்னேன். கடைசியில் அவரைப் பார்த்தே கையை நீட்டி, “எங்க தெருத் தண்ணி எங்க போவுது?” என்று கேட்டேன்.

முதலில் கைதட்டியது மானேஜர். தட்டிக்கொண்டே மைக்குக்கு வந்தார். “நல்ல கேள்வி. அம்மா மாதிரி தைரியமா எல்லாரும் கேக்கணும். இனிமே லாட்ஜுக்கு முனிசிபாலிட்டி தண்ணியே வேணாம்னு சொல்லிட்டோம். போன மாசம் சொந்தமா போர்வெல் போட்டாச்சு. நல்ல ஆழம், நல்ல தண்ணி. முனிசிபாலிட்டி தண்ணி முழுக்க இனி நம்ம தெருவுக்குத்தான்!”

ஹாலே கைதட்டிற்று. எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பம்பில் காற்று வருகிறது என்று கீழே ஒருத்தி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சினால் பின்னால் இருக்கிற தெருப் பம்பில் காற்று வராமல் என்ன வரும்? என் கேள்விக்கு உயிர் இருந்தவரைக்கும் எனக்கு நாற்காலி இல்லை. அது செத்ததும் முதல் நாற்காலி. இப்போது உயிரோடு இருக்கிற கேள்வி கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது!

மைக்கிலேயே சொன்னேன். “கீழ ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. அந்தப் போர் போட்டதால அவ தெருவுல இன்னா ஆச்சுன்னு அவதான் சொல்லணும். அவ வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன், யாரும் டிபனுக்கும் போக வேணாம்.”

“ஐயோ, இதுக்கு ஏம்மா கோவம்? நானே போயிக் கூட்டிக்கினு வரேன்” என்று மானேஜர் மடமடவென்று படி இறங்கிப் போனார். அந்த வயசில் அவ்வளவு வேகம். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். இரண்டு கையையும் விரித்தார். “காணோம்மா. போயிட்டாங்க போல.”

அன்றைக்கு என் வாயில் வந்ததை எல்லாம் எழுத முடியாது. அந்த மேடையில் நின்று, எல்லார் முன்னாலும், ஐந்து வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். “பாவம், பெரியவரை இப்படிப் பேசறாளே” என்று முன்வரிசையிலிருந்தே முணுமுணுப்பு வந்தது. அந்தத் தேர்தலிலும் நான் தோற்றதற்கு அந்த முணுமுணுப்பே போதும்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே கடைசித் தெருவுக்கு நடந்தேன். அந்தப் பெண் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“ஏன்டி எழுந்து வந்த?” என்று கத்தினேன். “போகச் சொன்னாரா? அந்த ஆளு உன்னைப் போகச் சொன்னாரா? சொல்லு, இப்பவே போயி ஒரு கை பாக்கறேன்.”

“ஐயையோ, இல்லக்கா. அவரு ஒண்ணுமே சொல்லலை. டீ வாங்கிக் குடுத்தாரு. குழந்தை அழுதுன்னு பிஸ்கட்டு கூட வாங்கியாரச் சொன்னாரு. இது அழுகையை நிறுத்தவே இல்ல, அங்க எல்லார் முன்னாலயும் எப்படிக்கா பால் குடுக்கறது? வந்துட்டேன். தப்பு எம்மேலதாங்கா, நான்தான் இருந்திருக்கணும்.” குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. “அவ்ளோ மரியாதையா உக்கார வெச்சவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து வந்துட்டேனே. நாளைக்குக் காலைல போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துடட்டுமாக்கா?”